எல்லோரையும் நேசிப்பது ஏன் இத்தனை கடினம்? வன்னியிலிருந்து ஒரு விளக்கம்

ஒவ்வோர் ஆண்டும் மே மாதம் நெருங்கும்போது வன்னியில் இரண்டு விதமான பேச்சுகள் ஒன்றையொன்று உரசிக்கொண்டு கேட்கின்றன. 2009இல் போரின் இறுதியில் இறந்தவர்களுக்காக முள்ளிவாய்க்காலில் 18ஆம் திகதி சுடரேற்றுவதற்கான ஆயத்தங்கள் ஒரு பக்கம் நடக்கின்றன. மன்னிப்பு, நல்லிணக்கம், பகைவரையும் நேசித்தல் என்று மேடைகளிலும் ஆலயங்களிலும் அறிக்கைகளிலும் வரும் அழைப்புகள் மறுபக்கம் ஒலிக்கின்றன. இரண்டையும் கேட்டுவிட்டு வீடு திரும்புகிறவருக்குக் குழப்பம் ஏற்படுவது இயல்பே. நேசிக்க முடியவில்லையே என்று சிலர் தம்மையே குற்றவாளியாக்கிக்கொள்கிறார்கள். வேறு சிலர், இந்தச் சொல்லே எமது வாயை அடைப்பதற்கான சூழ்ச்சி என்று அதை அடியோடு ஒதுக்கிவிடுகிறார்கள். அன்பு என்ற ஒரே சொல்லுக்குள் வெவ்வேறான பல கோரிக்கைகள் போட்டு அடைக்கப்பட்டிருப்பதே இந்தக் குழப்பத்தின் வேர். அவற்றைப் பிரித்தெடுத்தால், எது நம்மால் முடியும், எது முடியாது, எதை யாரிடம் கேட்கவே கூடாது என்பது ஓரளவு தெளிவாகும்.

முதலில் சொற்கள்

தமிழில் இந்தப் பிரிப்பு புதிதன்று. "அருளென்னும் அன்பீன் குழவி பொருளென்னும் செல்வச் செவிலியால் உண்டு" என்கிறது திருக்குறளின் 757ஆவது பாடல். இதற்கு உரை கண்ட பரிமேலழகர், தொடர்புடையவர்மேல் செல்வது அன்பு என்றும், தொடர்பு எதையும் பார்க்காமல் வருத்தமுற்றவர்மேல் செல்வது அருள் என்றும் வேறுபடுத்துகிறார். அந்த அன்பு முதிரும்போது பிறப்பதால் அருள் அதன் குழந்தையாகிறது. இன்று நாம் "நிபந்தனையற்ற அன்பு" என்று சொல்வதைப் பழைய தமிழ் அருள் என்ற சொல்லால் குறித்தது.

இந்தக் குறளில் அவசரமாகக் கடந்துபோகக் கூடாத இரண்டு செய்திகள் உள்ளன. எல்லோர்மீதும் செல்லும் அருள் வானத்திலிருந்து விழுவதில்லை. வீட்டுக்குள், உறவுக்குள், அறிந்தவர்களுக்கிடையே பழகிய அன்பு வளர்ந்தே அது வருகிறது. ஆகவே சொந்தப் பிள்ளையின்மேல் கொண்ட பற்றைக் குறையாகக் கருத வேண்டியதில்லை. அடுத்த செய்தி இன்னும் கூர்மையானது. அந்தக் குழந்தையை வளர்க்கும் செவிலித்தாய் பொருள் என்கிறார் வள்ளுவர். இப்பாடல் வருவதும் அன்பைப் பற்றிய அதிகாரத்தில் அன்று, பொருள் செயல்வகை என்ற அதிகாரத்தில். வயிறும் கூரையும் காணியும் உறுதிப்படாத இடத்தில் அருள் மெலிந்துபோகும் என்ற இந்தக் கணிப்பை, இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து வாழ்ந்த எந்த வன்னிக் குடும்பமும் மறுக்காது. அறநூல்களில் இதைவிட நேர்மையான வரி அதிகம் இல்லை என்றே கருதுகிறேன்.

"நிபந்தனையற்ற" என்ற அடைமொழியையும் பிரித்துப் பார்க்க வேண்டும். அது ஆளைப் பற்றியது. அவருடைய செயலைப் பற்றியதன்று. ஒருவர் என்ன செய்தாலும் பொறுத்துக்கொள்வேன் என்பது வேறு; என்ன செய்தவராயினும் அவர் மனிதர் என்ற கணக்கிலிருந்து அவரை வெட்டமாட்டேன் என்பது வேறு. முதலாவது நிபந்தனையற்ற அனுமதி. இரண்டாவதுதான் அருள். அன்றாடப் பேச்சில் இவை இரண்டும் கலந்துவிடுவதாலேயே, அடிக்கும் கணவனைச் சகித்துக்கொள்ளும்படி ஒரு பெண்ணுக்கு அன்பின் பெயரால் புத்தி சொல்லப்படுகிறது. அந்தப் புத்திமதிக்கும் அருளுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை.

மரபுகள் உண்மையில் கேட்பது என்ன

மத்தேயு நற்செய்தியின் ஐந்தாம் அதிகாரத்தில் பகைவரை நேசிக்கும்படி இயேசு சொல்லும் இடத்தில், அதற்கான காரணமும் உடனேயே தரப்படுகிறது: கடவுள் தீயோர்மேலும் நல்லோர்மேலும் கதிரவனை உதிக்கச் செய்கிறார், நேர்மையுள்ளோர்மேலும் நேர்மையற்றோர்மேலும் மழை பெய்யச் செய்கிறார். இதையே மூதுரை வேறு விதமாகக் கணக்கிடுகிறது. நெல்லுக்கு இறைத்த நீர் வாய்க்கால் வழியோடிப் புல்லுக்கும் பொசிவதுபோல, நல்லார் ஒருவர் இருந்தால் அவர் பொருட்டு எல்லோர்க்கும் மழை பெய்யும் என்பது அதன் வாக்கு. முதலாவதில் தகுதி என்ற பேச்சே இல்லை. இரண்டாவதில் ஒருவருடைய தகுதியின் பயன் மற்றவர்க்கும் கசிகிறது. மனிதர்களால் பெரும்பாலும் இயலுவது மூதுரை சொல்லும் கசிவே.

புறநானூற்றின் 192ஆம் பாடலில் கணியன் பூங்குன்றனார் சொன்ன "யாதும் ஊரே யாவரும் கேளிர்" என்ற முதலடி எல்லா மேடைகளிலும் ஒலிக்கிறது. பாடல் முடியும் இடத்தை மேடைகள் சொல்வதில்லை. வாழ்க்கை ஆற்றுநீரில் அடித்துச் செல்லப்படும் மிதவைபோல முறைவழிப் படும் என்று கண்ட பிறகு, "பெரியோரை வியத்தலும் இலமே, சிறியோரை இகழ்தல் அதனினும் இலமே" என்று அது நிற்கிறது. எல்லோரையும் கட்டித் தழுவும்படி பாட்டு கேட்கவில்லை. எவரையும் இகழாதே என்பதே அதன் முடிந்த முடிபு. உலகளாவிய நேசத்துக்கு இவ்வளவு சிக்கனமான, ஆனால் கடைப்பிடிக்கக்கூடிய ஒரு வரையறை இருப்பதை நாம் போதிய அளவு பயன்படுத்திக்கொள்ளவில்லை.

வன்னிக்குத் தெற்கே, அநுராதபுரத்து மகாவிகாரையில், கி.பி. 5ஆம் நூற்றாண்டில் புத்தகோசர் எழுதிய விசுத்திமக்கம் என்ற பாளி நூல் இந்தக் கடினத்தைப் படிமுறையாகவே ஆராய்கிறது. பௌத்தம் என்றதும் எமது மண்ணில் அரசும் படையும் நினைவுக்கு வருவது வரலாற்றின் விளைவு. அந்த நினைவை ஒரு நிமிடம் ஒதுக்கிவைத்து இந்நூல் சொல்வதைப் பார்ப்பது பயன் தரும். பாளி உரையாசிரியர்களுள் தமிழகத்து உறையூரைச் சேர்ந்த புத்ததத்தர் போன்றோரும் இருந்தனர் என்பதால் அது எமக்கு முற்றிலும் அந்நியமானதும் அன்று. மைத்திரி எனப்படும் நேசத்தைப் பழகுகிறவர் பின்பற்ற வேண்டிய வரிசை அதில் இவ்வாறு தரப்படுகிறது:

1. தன்னிலிருந்து தொடங்குதல். தனக்கு இன்பம் வேண்டும் என்ற விருப்பமே பிறருடைய விருப்பத்தை அறிய உரைகல்லாகிறது.
2. மதிப்புக்குரிய ஆசான் போன்ற ஒருவர்.
3. நெருங்கிய நண்பர்.
4. விருப்பும் வெறுப்பும் இல்லாத, பொதுவான ஒருவர்.
5. கடைசியாகவே பகைவர்.

பகைவரிடமிருந்து தொடங்கக் கூடாது என்று நூல் வெளிப்படையாகவே எச்சரிக்கிறது. தொடங்கினால் கோபமே பெருகும். நேசத்துக்கு இரண்டு எதிரிகள் உண்டு என்றும் அது கூறுகிறது. தூரத்து எதிரி வெறுப்பு. அதை எல்லோரும் அடையாளம் காண்பர். பக்கத்து எதிரியாகிய பற்றோ நேசத்தின் முகத்தையே அணிந்து வருவதால் அடையாளம் காண்பது அரிது.

பிறகு ஓர் எடுத்துக்காட்டு வருகிறது. ஒருவர் தன் அன்பருடனும், பொதுவான ஒருவருடனும், பகைவருடனும் அமர்ந்திருக்கிறார். கொள்ளையர் வந்து, பலி கொடுப்பதற்கு உங்களில் ஒருவரைத் தா என்கிறார்கள். பகைவரைக் காட்டினால், தனக்கும் பிறருக்கும் இடையே மனம் போட்டுவைத்த எல்லை உடையவில்லை என்பது தெளிவு. "மற்ற மூவரையும் விட்டுவிடுங்கள், என்னைக் கொண்டுபோங்கள்" என்று சொன்னாலும் எல்லை உடையவில்லை என்கிறார் புத்தகோசர். அந்த நால்வரில் கொடுப்பதற்கு ஒருவரையும் காணாதபோதுதான் அது உடைகிறது. தியாகத்தைத் தலையில் வைத்துக் கொண்டாடும் எமது சமூகத்துக்கு இந்த இரண்டாவது பகுதி அதிர்ச்சி தரக்கூடியது. கட்டுரையின் இறுதியில் அதற்கு மீண்டும் வர வேண்டியிருக்கிறது.

1867ஆம் ஆண்டு வடலூரில் வள்ளலார் தொடங்கிய தருமச்சாலை இன்னொரு வழியைக் காட்டியது. அவர் அருளின் பரப்பைக் குறைக்கவில்லை, கேள்வியைக் குறைத்தார். பசித்து வந்தவரின் தேசம், சமயம், சாதி மட்டுமல்லாமல் அவருடைய செய்கையையும் விசாரிக்காமல் உணவிட வேண்டும் என்பது அவருடைய சீவகாருண்ய ஒழுக்கம். செய்கையையும் விசாரிக்காமல் என்ற அந்த இடத்திலேதான் நிபந்தனை உண்மையில் விழுகிறது.

மனம் தயங்குவதற்கான காரணங்கள்

மேலே கண்டவை கோரிக்கைகள். அவற்றுக்கு மனித மனம் ஏன் ஒத்துழைப்பதில்லை என்பதற்குக் கடந்த சில பத்தாண்டுகளின் உளவியல் ஆய்வு சில விடைகளைத் தந்திருக்கிறது.

1. மனத்தில் இடம் குறைவு. ஒருவர் நிலையாகப் பேணக்கூடிய உறவுகள் ஏறத்தாழ 150 என்று பிரித்தானிய மானிடவியலாளர் ரொபின் டன்பார் 1990களில் கணித்தார். அந்த எண்ணைப் பற்றிச் சர்ச்சை உண்டு. எல்லை ஒன்று உண்டு என்பதில் சர்ச்சை இல்லை.

2. எண்கள் மனத்தைத் தொடுவதில்லை. போல் சுலோவிக்கும் சக ஆய்வாளர்களும் 2007இல் வெளியிட்ட ஆய்வில், பெயரும் முகமும் காட்டப்பட்ட ஒரே சிறுமிக்காக மக்கள் கொடுத்த தொகை, இலட்சக்கணக்கானோரின் பசியைப் புள்ளிவிபரமாகக் காட்டியபோது கொடுத்த தொகையைவிடக் கூடுதலாக இருந்தது. சிறுமியின் கதையுடன் புள்ளிவிபரத்தையும் சேர்த்துக் கொடுத்தபோது கொடை குறைந்தது. இது வன்னிக்கு நேரடியாகப் பொருந்தும். இறுதிப் போரில் 40,000 பேர் வரை பொதுமக்கள் இறந்திருக்கலாம் என்று ஐ.நா. நிபுணர் குழு 2011இல் கூறியது. எமக்கு அந்த எண்ணுக்குள் முகங்கள் தெரிகின்றன. தெற்கில் அந்தச் செய்தியைப் படிக்கும் ஒருவருக்கு அது எண்ணாகவே நிற்கிறது. அதே விதி மறுதிசையிலும் வேலை செய்கிறது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். 1990 ஒக்ரோபரில் விடுதலைப் புலிகளால் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம்கள் ஏறத்தாழ 70,000 முதல் 75,000 பேர். அவர்களுள் முல்லைத்தீவையும் மன்னாரையும் கிளிநொச்சியையும் சேர்ந்தவர்கள் இருந்தார்கள். எம்மில் எத்தனை பேருக்கு அந்த எண்ணுக்குள் ஒரு முகமாவது தெரிகிறது?

3. காயப்பட்ட சமூகத்தில் நம்பிக்கையே முதலில் சாகிறது. வடக்கில் நீண்டகாலம் பணியாற்றிய உளமருத்துவர் தயா சோமசுந்தரம், போரின் பாதிப்பைத் தனிமனிதருடைய நோயாக மட்டும் பார்க்காமல் கூட்டு வடு என்று விளக்கினார். மௌனமும் சந்தேகமும் அயலவர்மீதான நம்பிக்கையிழப்பும் அதன் அடையாளங்கள். யார் எதை யாரிடம் சொல்வார் என்று பல ஆண்டுகள் அஞ்சிப் பழகிய மனம், நேசி என்ற கட்டளையைக் கேட்டவுடன் திறந்துகொள்ளாது. அதைக் கல்நெஞ்சு என்று சொல்வது அநியாயம். அது உயிரைக் காத்த பழக்கம்.

4. பிறர் துன்பத்தைத் தானும் படுவது களைப்பைத் தரும். தான்யா சிங்கர், ஓல்கா கிளிமெக்கி ஆகியோர் 2010களில் செய்த மூளை ஆய்வுகள், பிறருடைய வலியை அப்படியே உள்வாங்கும் பரிவையும், அவர் நலம்பெற வேண்டும் என்று விரும்பும் கருணையையும் வேறுபடுத்தின. பரிவைப் பயின்றவர்களிடம் எதிர்மறை உணர்வுகள் கூடின. கருணையைப் பயின்றபோது அவை தணிந்து நல்லுணர்வு வளர்ந்தது. இரண்டும் மூளையில் வெவ்வேறு பகுதிகளுடன் தொடர்புடையவை. எல்லோருக்காகவும் அழுவது அருளாகாது என்பதற்கு இது ஓர் ஆய்வுகூடச் சான்று.

வாய்க்கால் எட்டாத காணி

அன்பின் கடினம் என்றதும் எதிரே நின்ற படையினனையே நினைக்கிறோம். வன்னியின் அன்றாடத்தில் அது வேறிடத்தில் இருக்கிறது. அதை விளங்கிக்கொள்ளத் தண்ணீரைப் பார்ப்பது போதும்.

மழைக்காலப் பயிர்ச்செய்கையான காலபோகத்தில் மழை இருப்பதால் கிளிநொச்சியின் இரணைமடுக் குளத்தின் கீழ் எல்லோரும் விதைக்கிறார்கள். சிறுபோகம் அப்படியன்று. மழை ஓய்ந்த பிறகு குளத்தில் எத்தனை அடி நீர் நிற்கிறதோ அதற்கேற்பவே ஏக்கர் தீர்மானமாகும். அதற்கென மாவட்டச் செயலாளரும் நீர்ப்பாசனத் திணைக்களத்தாரும் கமக்கார அமைப்புகளும் கூடி, யாருக்கு எவ்வளவு பங்கு, குளத்தின் மதகாகிய துருசை எந்தத் திகதியில் திறப்பது, எந்தத் திகதியில் பூட்டுவது என்று கூட்டத்தில் முடிவெடுப்பார்கள். அந்தக் கூட்டங்களில் குரல்கள் உயர்வது சாதாரணம். வாய்க்காலின் தலைப்பில் வயல் வைத்திருப்பவருக்கும் கடைசியில் வைத்திருப்பவருக்கும் இடையில், நீர் முறை வருகிற இரவில் எவ்வளவு அன்பு மிஞ்சும் என்பது கமம் செய்தவர்களுக்குத் தெரியும். தலைப்பில் இருப்பவர் கெட்டவராக இருக்க வேண்டியதில்லை. கண்முன்னே காயும் தன் பயிருக்காக வாய்க்கால் மறிப்பை அரை மணித்தியாலம் கூடுதலாக விட்டுவைத்தாலே போதும், கடைசி வயலுக்கு அன்று நீர் எட்டாது. அன்பு அருகில் இருப்பதற்கே முதலில் பாய்கிறது என்பதை அறிந்ததாலேயே கூட்டமும் பங்கும் திகதியும் ஏற்பட்டன. எல்லோரையும் நேசிக்க இயலாத மனிதர்கள், எல்லோருக்கும் நீர் போய்ச் சேர்வதற்குக் கண்டுபிடித்த ஏற்பாடு அது.

அந்த வாய்க்காலுக்கும் அப்பால் சிலர் இருக்கிறார்கள். மலையகத்திலிருந்து 1958, 1977, 1983 வன்முறைகளின் பின் உயிர் தப்பி வன்னிக்கு வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் மலையாளபுரம், பாரதிபுரம், கிருஷ்ணபுரம் போன்ற ஊர்களில் குடியேறின. 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றவர்களாக்கப்பட்டவர்களின் வழிவந்த பலர் அவர்களுள் இருந்தனர். முன்னர் குடியேற்றத் திட்டங்களில் வந்தவர்களுக்கு வாய்க்கால் பாயும் வயற்காணி கிடைத்தது. இவர்களில் பெரும்பாலோருக்குக் கிடைத்தது நீர்ப்பாசனம் எட்டாத மேட்டுநிலம், அதுவும் பலருக்கு நீண்டகாலம் காணி உறுதிப்பத்திரம் இல்லாமல். இவர்களுடைய உழைப்பில் காடு கழனியானது. போரிலும் இவர்களின் பிள்ளைகள் பெருந்தொகையில் மடிந்தார்கள். ஆனாலும் திருமணப் பேச்சிலும் கோயில் நிருவாகத்திலும் இவர்களைக் குறிக்கும் ஒரு தனிச்சொல் இன்னும் தணிந்த குரலில் உச்சரிக்கப்படுகிறது. "யாவரும் கேளிர்" என்ற அடி உண்மையில் சோதிக்கப்படுவது இத்தகைய இடங்களிலேதான்.

இதே போல இன்னும் சில எல்லைகளைச் சொல்ல வேண்டும். போருக்குப் பின் திரும்பி வந்த முஸ்லிம் குடும்பங்கள், தாம் விட்டுச்சென்ற காணிகளில் காடோ வேறு குடும்பமோ நிற்பதைக் கண்டார்கள். வேறு குடும்பம் என்றால் அவர்களும் பெரும்பாலும் எங்கிருந்தோ துரத்தப்பட்டவர்களே. இருவர் பக்கமும் நியாயம் இருக்கும் இத்தகைய பிணக்கில் நேசம் என்ற சொல் மட்டும் எதையும் தீர்க்காது. எல்லையை அளந்து, இருவருக்கும் காணி தருவதற்கு ஒரு பிரதேச செயலகம் ஒழுங்காக வேலை செய்ய வேண்டும். புனர்வாழ்வு பெற்று வந்த ஏறத்தாழ 12,000 முன்னாள் போராளிகளின் நிலையும் வேதனையானது. ஒருகாலத்தில் வீட்டுக்கு வீடு வரவேற்றவர்களே, புலனாய்வாளர் தேடி வருவார் என்ற பயத்தில் அவர்களை வாசலோடு நிறுத்தினார்கள். பெண் போராளிகளுக்கு அந்த வாசல் இன்னும் ஒடுங்கியிருந்தது. பயத்தால் குறையும் அன்பைக் குற்றம் என்று சொல்லிவிட முடியாது. ஆயினும் அது இழைக்கும் காயம் குற்றம் இழைக்கும் காயத்தைவிடச் சிறியதன்று.

யாரிடம் எதை முதலில் கேட்பது

கிளிநொச்சி கந்தசுவாமி கோயில் முன்றலில் 2017 பெப்ரவரி 20ஆம் திகதி வலிந்து காணாமல் ஆக்கப்பட்டவர்களின் உறவுகள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினார்கள். அது 2,000 நாட்களையும் கடந்தது. காணாமற்போனோர் அலுவலகத்துக்கான சட்டம் 2016இலேயே நிறைவேறி, 2018இல் அலுவலகம் இயங்கத் தொடங்கிய பின்னும், படையினரிடம் கையளித்த பிள்ளைக்கு என்ன நடந்தது என்ற கேள்விக்கு விடை கிடைக்காமலேயே பெற்றோர் பலர் இறந்துபோனார்கள். அப்படி விடைக்காகக் காத்திருக்கும் ஒரு தாயிடம் போய் மன்னித்துவிடுங்கள் அம்மா என்று சொல்வதில் ஒரு தர்க்கப் பிழையும் இருக்கிறது, ஓர் அறப் பிழையும் இருக்கிறது. யாரை, எந்தச் செயலுக்காக மன்னிப்பது என்று தெரியாதவரிடம் மன்னிப்பைக் கேட்பது தர்க்கப் பிழை. மிகக் கூடுதலான பாரத்தைச் சுமப்பவரின் தலையிலேயே அடுத்த சுமையையும் ஏற்றுவது அறப் பிழை. ஆகவே நான்கு சொற்களையும் இங்கே பிரித்து வைப்பது அவசியம்:

1. அருள் ஒருவருடைய மனத்திலும் நடத்தையிலும் இருப்பது. எதிரே இருப்பவரின் சம்மதமோ மாற்றமோ அதற்குத் தேவையில்லை. அதை எவரும் கட்டளையிட்டுப் பெறவும் முடியாது.

2. மன்னிப்பு பாதிக்கப்பட்டவரின் உரிமை. அவருக்காக இன்னொருவர் அதை வழங்க முடியாது. அரசோ மதத்தலைவரோ தலைமுறை கடந்த பிள்ளைகளோகூட.

3. நல்லிணக்கத்துக்கு இரண்டு தரப்பும் வேண்டும். ஒரு தரப்பு மட்டும் செய்வது பணிவு ஆகலாம், இணக்கம் ஆகாது.

4. நீதி எவருடைய உணர்ச்சியையும் சார்ந்ததன்று. தாய் மன்னித்தாலும் மன்னிக்காவிட்டாலும் உண்மையைக் கண்டறிவது அரசின் கடமையாகவே இருக்கும்.

இவற்றில் முதலாவது இருந்தால் நான்காவது தேவையில்லை என்ற எண்ணமே அன்பின் பெயருக்கு வன்னியில் நேர்ந்த பெரிய கேடு. வற்றாப்பளைக் கண்ணகை அம்மன் கோயிலைச் சற்று நினைத்துப் பார்க்கலாம். நந்திக்கடலின் ஒரு கரையில் அந்தக் கோயில் இருக்கிறது. மறுபக்கத்து ஒடுங்கிய நிலத்துண்டில் முள்ளிவாய்க்கால் இருக்கிறது. சிலாவத்தைக் கரையில் எடுத்த கடல்நீரில் விளக்கெரித்து, வைகாசியில் பொங்கல் வைத்து, வன்னி முழுவதும் திரண்டு வணங்கும் தெய்வம், நியாயம் கேட்டு அரசவைக்குள் சென்ற ஒரு பெண். மதுரையை எரித்த சினத்தோடு வந்தவள் தங்கிய பத்தாவது இடம் என்பதால் பத்தாம்பளை என்ற பெயர் வந்து, அதுவே வற்றாப்பளையாயிற்று என்பது ஊர் ஐதீகம். நீதி மறுக்கப்பட்ட சினத்தைப் பாவம் என்று விலக்காமல், அதற்கு இடம் கொடுத்து, பொங்கி, ஆற்றி வழிபட்ட மரபு இது. சிலப்பதிகாரத்திலோ அந்தத் தீயும்கூட முதியோரையும் குழந்தைகளையும் தொடாமல் விலகும்படி ஏவப்படுகிறது. கடுங்கோபத்தின் நடுவிலும் கணக்கிலிருந்து சிலரை வெட்டாத அந்த ஏவலை அருளின் ஒரு வடிவமாகவே நான் வாசிக்கிறேன். அதே தெய்வத்தைச் சிங்கள மக்கள் பத்தினித் தெய்யோ என்று வணங்குகிறார்கள் என்பதையும் சேர்த்து நினைக்க வேண்டும்.

நடைமுறையில் அது எப்படி இருக்கும்

அமெரிக்க உளவியலாளர் கார்ல் ரொஜர்ஸ் 1950களில் உளவளத்துணைக்கு நிபந்தனையற்ற மதிப்பு அவசியம் என்று வலியுறுத்தினார். வந்திருப்பவர் சொல்வது எதுவாயினும், அவரை ஆளாக மதிப்பதில் குறை வைக்கக் கூடாது என்பது அதன் சாரம். அந்த மதிப்பு ஓர் அறைக்குள், குறித்த ஒரு மணித்தியாலத்துக்கு நடைமுறையாகிறது. எல்லை வகுத்ததால் அது போலியாகிவிடவில்லை. ஒரு நாள் முழுவதும், எல்லோரிடமும் இயலாத ஒன்றை, ஒரு மணித்தியாலம் ஒருவரிடம் முழுமையாகச் செய்யலாம் என்பதே இதிலுள்ள நுட்பம்.

மே மாதத்து வாரத்தில் வன்னி வீதிகளில் காய்ச்சப்படும் முள்ளிவாய்க்கால் கஞ்சியும் அப்படியொரு வகுத்த எல்லை. இறுதி நாட்களில் உயிர் காத்த அதே சேர்மானந்தான்: அரிசி, தண்ணீர், உப்பு. பாலோ பயறோ சேர்ப்பதில்லை. அகப்பையால் அள்ளிச் சிரட்டையில் ஊற்றும்போது கை சுடாமல் பிடிக்க ஒரு பழக்கம் வேண்டும். வீதியால் போகிறவர் நின்றால் சிரட்டை நீட்டப்படுகிறது. பெயரோ ஊரோ கேட்கப்படுவதில்லை. ஊற்றுகிறவரின் மனத்தில் அந்த நேரம் எல்லோர்மேலும் நேசம் பொங்கிக்கொண்டிருக்கும் என்று எண்ண வேண்டியதில்லை. கோபமும் துக்கமும் இருக்கலாம். கை மட்டும் எவரையும் தவிர்ப்பதில்லை.

பகையைத் தணிக்கப் பல வழிகளை வரிசைப்படுத்திய விசுத்திமக்கம், கடைசி வழியாகச் சொல்வதும் ஒரு பொருளைத் தான் கொடுத்து, மற்றவரிடமிருந்து ஒன்றைத் தான் ஏற்றுக்கொள்வதையே. எண்ணத்தால் முடியாததைக் கைகளிடம் விட்டுவிடுகிறது நூல். வேலிக்கு மேலால் பலகாரத் தட்டு கைமாறும் ஊர்களில் இதன் பொருள் உடனே விளங்கும்: கொடுப்பது எளிது, அது நம்மை உயர்த்திக் காட்டும். சாதியோ சமயமோ பழைய மனத்தாங்கலோ தடுக்கும் வீட்டிலிருந்து வந்த தட்டை வாங்கி, அதிலிருந்து எடுத்துச் சாப்பிடுவதே கடினம். எமது ஊர்களில் எல்லை எங்கே இருக்கிறது என்பதை அறிய, யார் வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிப்பதில்லை என்று பார்த்தால் போதும்.

தன்னை விட்டுவிடும் அன்பு

கொள்ளையர் எடுத்துக்காட்டில் "என்னைக் கொண்டுபோங்கள்" என்றவர் ஏன் தேறவில்லை என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. நால்வரில் ஒருவரை அவர் கணக்கிலிருந்து வெட்டிவிட்டார். அந்த ஒருவர் தானாக இருந்ததால் வெட்டு வெட்டில்லாமல் போய்விடாது.

வன்னியில் போர் விட்டுச்சென்ற பெண் தலைமைத்துவக் குடும்பங்களில் இந்தப் பிழை தினமும் நடக்கிறது. அதைப் பாராட்டியும் வருகிறோம். பேரப்பிள்ளையின் பள்ளிக்கூடச் செலவு, திருப்பிக் கட்ட வேண்டிய நுண்கடன், காணாமல் போன மகனுக்கான போராட்டப் பந்தல், ஊர்க் கோயிலின் பொங்கல் என்று எல்லாவற்றுக்கும் முதலில் நிற்கும் ஒரு தாய், நீரிழிவுக்கான தன் கிளினிக் திகதியைத் தள்ளிப்போடுகிறாள். குளிசை முடிந்து இரண்டு கிழமை ஆகியிருக்கும். கால் விரலிடுக்கில் ஆறாத புண் இருக்கும். அவளைத் தியாகி என்று புகழ்கிற வாயால், அவளையும் கணக்கில் சேர்க்கச் சொல்லும் ஒரு சொல் வருவதில்லை. அவளுக்காக மாதர் சங்கமோ அயல்வீடோ முறைவைத்துச் செய்யக்கூடியவை சிறிய வேலைகள்: கிளினிக் கொப்பியில் குறித்திருக்கும் திகதியைப் பார்த்து வைப்பது, அன்று காலை ஓட்டோ பிடித்துக் கூடப்போவது, அவள் திரும்பும்வரை பந்தலில் அவளுடைய மகனின் படத்தை மடியில் வைத்துக்கொண்டு அவளுடைய இடத்தில் உட்கார்ந்திருப்பது.